இங்கிலாந்தில் வீடு வாங்க, விற்க: வங்கி ஏற்கும் சொலிசிட்டரைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

லண்டன் ஹாரோவில் முதல் வீட்டுக்கு விலை பேசி முடித்த மறுநாளே, எங்கள் பக்கத்தில் பலருக்கும் பழக்கமான ஒரு தமிழ்ச் சொலிசிட்டரிடம் போய் 300 பவுண்டு கட்டினேன். மச்சானின் வீட்டையும் அவர்தான் முடித்துக் கொடுத்திருந்தார். நல்ல மனிதர், தமிழில் பேசலாம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து மோர்ட்கேஜ் புரோக்கர் போன் செய்தார். "அண்ணா, உங்கட சொலிசிட்டர் இந்த பாங்கின்ர பேனலில இல்லை" என்றார். அதற்குள் வீட்டைப் பற்றிக் கவுன்சிலில் விசாரிக்கும் தேடல்களுக்கும் பணம் போயிருந்தது. புதிய ஆளைப் பிடித்து, அடையாளச் சான்று முதல் எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்து, கோப்பு நகரத் தொடங்க ஐந்து வாரம் ஆனது. விற்றவர் பொறுமைசாலி என்பதால்தான் அந்த வீடு எங்களுக்குக் கிடைத்தது.

அன்று எனக்குத் தெரியாதது இதுதான். கடன் எடுத்து வீடு வாங்கும்போது உங்கள் சொலிசிட்டர் உங்களுக்காக மட்டும் வேலை செய்வதில்லை. பெரும்பாலும் வங்கிக்கும் அவரே சொலிசிட்டர். அதனால் அவரை நீங்கள் ஏற்றால் மட்டும் போதாது, வங்கியும் ஏற்க வேண்டும். வங்கியின் ஒப்புதல் வங்கியின் பாதுகாப்புக்கானது. உங்கள் பாதுகாப்பை நீங்கள்தான் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் எந்த வரிசையில் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே இது பொருந்தும். ஸ்கொட்லாந்தில் சட்டமும் நடைமுறையும் வேறு. அங்கே வாங்குபவர்கள் அங்குள்ள சொலிசிட்டரையே பிடிக்க வேண்டும்.

பேனல் என்றால் என்ன?

தன் சார்பில் அடமானப் பத்திர வேலையைச் செய்ய வங்கி அனுமதித்திருக்கும் சட்ட நிறுவனங்களின் பட்டியலே பேனல். வீடு உங்கள் பெயருக்கு வரும்போது அந்த வீட்டின் மேல் வங்கியின் அடமானமும் சேர்ந்தே பதிவாக வேண்டும். அதில் தவறினால் வங்கியின் லட்சக்கணக்கான பவுண்டு பிணையில்லாமல் நிற்கும். அதனால் வங்கிகள் ஆளைப் பொறுக்கித்தான் எடுக்கின்றன.

பெரும்பாலான வங்கிகள் பின்பற்றுவது யூகே ஃபைனான்ஸ் என்ற அமைப்பின் கடன் வழங்குநர் கையேட்டை. அதன் முதல் பாகம் எல்லா வங்கிக்கும் பொது. இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனி விதி. ஃபிளாட்டின் நீண்டகாலக் குத்தகையில் (லீஸ்) எத்தனை ஆண்டு மிச்சம் இருக்க வேண்டும், பெற்றோர் தரும் பணத்தை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். இதற்கு மேல் ஒவ்வொரு வங்கிக்கும் தன் தன் பேனல் நிபந்தனைகளும் உண்டு. சில வங்கிகள் ஒரே ஒருவர் நடத்தும் சிறிய அலுவலகங்களைச் சேர்ப்பதில்லை. சில, ஆண்டில் மிகக் குறைந்த வேலை செய்த நிறுவனங்களை எடுத்துவிடும். ஆகவே பேனலில் இல்லாதவர் எல்லாம் தவறு செய்தவர் என்று எண்ண வேண்டாம். என் முதல் சொலிசிட்டரும் எந்தத் தவறும் செய்தவர் அல்ல.

பட்டியல் மாறிக்கொண்டும் இருக்கும். 2012 தொடக்கத்தில் எச்.எஸ்.பி.சி. தன் பேனலை 43 நிறுவனங்களாகச் சுருக்கியபோது, குடும்பச் சொலிசிட்டரையே நம்பியிருந்த பலர் தவித்தார்கள். பிற்பாடு அந்த வங்கி விதியைத் தளர்த்தியது. மச்சானுக்கு மூன்று வருடத்துக்கு முன் செய்து கொடுத்தார் என்பது இன்றைக்குச் சான்றாகாது.

படி 1: முதலில் வங்கி, அப்புறம் சொலிசிட்டர்

எந்த வங்கி, எந்தக் கடன் என்று புரோக்கரோடு பேசி முடிவெடுத்த பிறகே சொலிசிட்டருக்குப் பணம் கட்டுங்கள். விசாரிப்பதையும் விலை கேட்பதையும் அதற்கு முன்பே தொடங்கலாம்.

பேனலில் இருக்கிறாரா என்று மூன்று வழியில் பாருங்கள். பல வங்கிகளின் தளத்திலேயே சொலிசிட்டரின் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ போட்டுத் தேடலாம். புரோக்கரும் விண்ணப்பத் திரையில் தேடிப் பார்க்க முடியும். மூன்றாவது, சொலிசிட்டரிடமே மின்னஞ்சலில் கேட்பது. "பெரும்பாலான வங்கிகளின் பேனலில் இருக்கிறோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். வங்கியின் முழுப் பெயர், கடன் வகை, கோப்பைக் கையாளப் போகும் கிளை அலுவலகத்தின் முகவரி ஆகிய மூன்றையும் எழுதி, "இன்றைய தேதியில் இந்த வங்கிக்கு நீங்கள் வேலை செய்ய முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். ஒரே குழுமத்தின் கீழ்ப் பல பெயர்களில் கடன் கொடுப்பார்கள். லொயிட்ஸ் குழுமத்தில் ஹாலிஃபாக்ஸும் பர்மிங்ஹாம் மிட்ஷயர்ஸும் உண்டு. கடன் சலுகைக் கடிதத்தில் (மோர்ட்கேஜ் ஆஃபர்) எந்தப் பெயர் வருமோ அதையே சொல்லிக் கேட்க வேண்டும். வாடகைக்கு விட வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வகைக் கடன் கொடுக்கும் சிறிய நிறுவனங்களின் பேனல்கள் குறுகலானவை.

உங்களுக்குப் பிடித்த சொலிசிட்டர் பேனலில் இல்லை என்றால் கதை முடிந்துவிடாது. பல வங்கிகள் தங்களுக்கென்று வேறொரு சொலிசிட்டரை வைத்துக்கொண்டு, உங்களுடையவர் உங்களுக்கு மட்டும் வேலை செய்ய அனுமதிக்கும். ஆனால் வங்கியின் சொலிசிட்டருக்கும் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். ஒவ்வொரு கேள்வியும் இரண்டு மேசையைத் தாண்டி வர வேண்டும். குடும்பத் தகராறு, மரணசாசனம் என்று சிக்கலான கோப்பாக இருந்து, அந்த ஒருவரால்தான் முடியும் என்றால் அந்தச் செலவு தகும். சாதாரணமாக ஒரு வீடு வாங்க அது தேவையில்லை என்பதே என் எண்ணம்.

படி 2: ஆள் உண்மையானவரா என்று பாருங்கள்

இந்த வேலையைச் சொலிசிட்டரும் செய்யலாம், வீட்டுப் பத்திர வேலைக்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சரும் செய்யலாம். சொலிசிட்டர்களைக் கண்காணிப்பது எஸ்.ஆர்.ஏ., கன்வேயன்சர்களைக் கண்காணிப்பது சி.எல்.சி. இரண்டு அமைப்புகளின் தளத்திலும் பெயரைத் தேடலாம். பதிவு உண்டா, முன்பு நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அங்கே இருக்கும் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். வீட்டுப் பத்திர வேலைக்கென்று சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி தரும் சி.க்யூ.எஸ். அங்கீகாரத்தைப் பல வங்கிகள் எதிர்பார்க்கின்றன. அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனை எதற்கு என்பவர்களுக்கு டிரீம்வார் வழக்கைச் சொல்ல வேண்டும். லண்டனில் வீட்டுச் சொந்தக்காரராக நடித்த ஒருவரிடம் ஒரு நிறுவனம் 11 லட்சம் பவுண்டு கொடுத்து ஏமாந்தது. 2018-ல் அப்பீல் நீதிமன்றம், வாங்குபவரின் சொலிசிட்டரையும் விற்பவர் பக்கத்துச் சொலிசிட்டரையும் பொறுப்பாக்கியது. அதற்குப் பிறகு அடையாளச் சான்று கேட்பதில் எல்லோரும் கடுமையாகிவிட்டார்கள். உங்களிடம் அத்தனை தாள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: உங்கள் வீட்டுக்கு ஏற்ற அனுபவம் உண்டா?

நிலத்தோடு சேர்ந்த சாதாரண வீடு என்றால் பேனலில் உள்ள ஒழுங்கான எவரும் செய்துவிடுவார். ஃபிளாட் என்றால் கதை வேறு. குத்தகையில் மிச்ச ஆண்டுகள், நிலவாடகை, பராமரிப்புக் கட்டணம் என்று ஒவ்வொன்றையும் வங்கியின் இரண்டாம் பாக விதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உயரமான கட்டடங்களில் 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கூடுதல் சான்றுகளும் கேட்கப்படும். பேனலில் இருந்தும் இப்படிப்பட்ட ஃபிளாட்டுகளை எடுக்க மறுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கோப்பைத் திறந்த பிறகு மறுத்தால் உங்களுக்குத்தான் நட்டம். எத்தனை மாடி, எந்த ஆண்டு கட்டியது, குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: விலையைப் பிரித்துக் கேளுங்கள்

2018 டிசம்பரிலிருந்து, எஸ்.ஆர்.ஏ.-வின் கீழ் உள்ள நிறுவனங்கள் வீட்டுப் பத்திர வேலையின் கட்டணத்தைத் தங்கள் தளத்தில் வெளியிட்டாக வேண்டும். அங்கே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையோடு நின்றுவிடாதீர்கள். குத்தகைக்குக் கூடுதல், வங்கிக்கு வேலை செய்யக் கூடுதல், அன்பளிப்புப் பணத்தைச் சரிபார்க்கக் கூடுதல், முத்திரை வரிப் படிவத்துக்குக் கூடுதல், பணம் அனுப்பக் கூடுதல், எல்லாவற்றுக்கும் மேல் 20 சதவீத வாட் வரி. முழுத் தொகையை ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வியாபாரம் முறிந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கேளுங்கள். கட்டணம் இல்லை என்று சொல்பவர்களும் கவுன்சில் தேடல் போன்ற வெளிச்செலவுகளைத் திருப்பித் தருவதில்லை.

எஸ்டேட் ஏஜென்ட் தன் ஆளையே பிடிக்கச் சொல்லி வற்புறுத்துவார். அவருக்குப் பரிந்துரைப் பணம் கிடைத்தால் அதை உங்களிடம் தெரிவிக்க வேண்டும். அந்த ஆளைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை.

படி 5: கோப்பு யார் மேசையில் இருக்கும்?

விலையைவிட இது முக்கியம். நீங்கள் முதலில் பேசுபவர் விற்பனைப் பிரிவில் இருப்பவராக இருக்கலாம். என் கோப்பைப் பார்க்கப் போகிறவரின் பெயர் என்ன, அவர் தகுதி பெற்றவரா, இல்லை என்றால் யார் மேற்பார்வை, அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார், நேரடித் தொலைபேசி எண் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள். தமிழ் பேசும் ஆள் என்பது அப்பா, அம்மாவின் பெயரையும் சேர்த்து வாங்கும்போது பெரிய உதவிதான். ஆனால் அது இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பிறகு வரும் தகுதி.

படி 6: பணம் வந்த வழியை முதல் நாளே காட்டுங்கள்

நம் குடும்பங்களின் கோப்புகள் அதிகம் தேங்குவது இந்த இடத்தில்தான். டெபாசிட் பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் பார்த்தே ஆக வேண்டும். 2017-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்பு விதிகள் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. சம்பளச் சேமிப்பு என்றால் எளிது. நம்மிடமோ சீட்டு எடுத்த பணம், கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய பணம், நகை விற்ற பணம், ஊரில் காணி விற்ற பணம் என்று பல கிளைகள்.

எங்கள் சமையலறை மேசையில் அன்று விரித்து வைத்திருந்தவை இன்னும் கண்ணில் நிற்கின்றன. வங்கி அறிக்கைகள். சீட்டு நடத்திய அக்காவின் நீல அட்டைக் கொப்பி. அதில் இருபது பெயர்கள், ஒவ்வொரு மாதமும் 500 பவுண்டு என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்தப் பணம் மாதா மாதம் என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் போய், கடைசியில் மொத்தமாகத் திரும்பி வந்திருந்தது. அதனால் சொலிசிட்டர் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்டார். கையில் கொடுத்து வாங்கியிருந்தால் அவருக்குக் காட்ட எங்களிடம் எதுவுமே இருந்திருக்காது. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், சீட்டுப் பணத்தை இன்றிலிருந்தே வங்கி வழியாகக் கட்டுங்கள். ரொக்கமாக எடுத்துப் போய்க் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

உறவினர் தரும் பணம் என்றால், அது அன்பளிப்பு, வீட்டில் தனக்குப் பங்கு கிடையாது, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்திட வேண்டும். அவருடைய அடையாளச் சான்றும் வங்கி அறிக்கையும் கேட்கப்படும். உண்மையில் அது கடன் என்றால் கடன் என்றே சொல்லுங்கள். கடனை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுப்பது வங்கியை ஏமாற்றும் குற்றம். "நம்ம சொலிசிட்டர்தானே, அவரிடம் மட்டும் சொல்லி வைப்போம்" என்பதும் நடக்காது. அவர் வங்கிக்கும் வேலை செய்கிறவர். அன்பளிப்பு, விலைக் குறைப்பு, விற்பவர் வீட்டை வாங்கி ஆறு மாதம்கூட ஆகாதது போன்றவற்றை வங்கிக்குத் தெரிவிக்கும் கடமை அவருக்கு உண்டு. தெரிவிக்க நீங்கள் சம்மதிக்காவிட்டால் அவர் வங்கியின் வேலையிலிருந்து விலக வேண்டியிருக்கும்.

ஊரில் சொத்து விற்ற பணம் என்றால், பத்திரத்தின் நகல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, பணம் வங்கி வழியாக வந்ததற்கான தாள்கள் மூன்றும் வேண்டும். வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து அனுப்புவதற்கு ஆண்டு வரம்பும் வரிப் படிவங்களும் உண்டு. வீடு பார்க்கத் தொடங்கும்போதே அந்த வேலையையும் தொடங்குங்கள்.

படி 7: ஊர் வீட்டைப் பற்றிச் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ உங்கள் பெயரில் ஒரு வீடு இருந்தால், அல்லது வீட்டில் பங்கு இருந்தால், இங்கே கட்டும் முத்திரை வரி தலைகீழாக மாறலாம். முதல் வீடு வாங்குபவர் என்ற சலுகைக்கு, உலகில் எங்குமே வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. அப்பா இறந்தபின் வந்த பங்கும் கணக்கில் வரலாம்.

இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதத்தில் 4,50,000 பவுண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டுச் சலுகை இருந்தால் 3,00,000 வரை வரி இல்லை, மீதிக்கு 5 சதவீதம், ஆக 7,500 பவுண்டு. சலுகை இல்லையென்றால் 12,500. ஊரில் இன்னொரு வீடு இருப்பதால் 5 சதவீதக் கூடுதல் வரியும் விழுந்தால் 35,000. இருவர் சேர்ந்து வாங்கும்போது ஒருவருக்கு ஊரில் வீடு இருந்தாலும் இருவருக்குமே சலுகை போகும். கூடுதல் வரிக்குக் கணவன், மனைவியின் சொத்தைச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பங்கின் மதிப்பு, பரம்பரையாக வந்த காலம் என்று விதிவிலக்குகளும் உண்டு. அதனால் பயந்துகொண்டு மறைக்க வேண்டாம். பத்திரத்தைக் காட்டி, எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தாங்கள் ஆலோசனை தருவதில்லை என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அப்படியானால் வரி ஆலோசகரிடம் போக வேண்டும். அதை எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது இரு பக்கமும் ஒப்பந்தத்தில் கட்டுப்படும் நாளுக்கு, முன்பே செய்ய வேண்டும். வேல்ஸில் இந்த வரிக்குப் பெயரும் விகிதமும் வேறு.

விற்பவர்களுக்கு

விற்பது மட்டும்தான் என்றால் பேனல் பெரும்பாலும் பிரச்சினையாக வராது. உங்கள் சொலிசிட்டர் பழைய கடனின் மிச்சத் தொகையை வங்கியிடம் கேட்டு வாங்கி, விற்ற பணத்தில் அடைப்பதாக உறுதிமொழி கொடுப்பார். ஆனால் விற்று, அதே சமயத்தில் வேறு வீடு வாங்குபவர், அல்லது பழைய கடனைப் புது வீட்டுக்கு மாற்றிக்கொண்டு போகிறவர், புதுக் கடனுக்கான பேனலைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். இரண்டு வேலையும் ஒரே மேசையில் நடப்பது நல்லது.

வீட்டை விற்பனைக்குப் போடும்போதே சொலிசிட்டரையும் வைத்துவிடுங்கள். சொத்து விவரப் படிவத்தை அப்போதே நிரப்பலாம். மாடி எடுத்தீர்களா, பின்பக்கம் நீட்டினீர்களா, ஜன்னல் மாற்றினீர்களா, ஒவ்வொன்றுக்கும் சான்று தேடி வையுங்கள். ஃபிளாட் என்றால் நிர்வாக நிறுவனம் விவரக் கோப்பைத் தரவே வாரக்கணக்கில் இழுக்கும்.

பணம் அனுப்பும் நாள்

எக்ஸ்சேஞ்சில் வழக்கமாக 10 சதவீதம், கம்ப்ளீஷனுக்கு (வீடு கைமாறும் நாள்) முன் மீதி. மோசடிக்காரர்கள் காத்திருப்பது இந்த நாட்களுக்காகத்தான். சொலிசிட்டர் அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல் வரும், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று. நம்பாதீர்கள். இரண்டாம் படியில் குறித்து வைத்த எண்ணுக்கு நீங்களே போன் செய்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிச் சரிபாருங்கள். பிறகு ஒரு சிறிய தொகையை அனுப்பி, வந்தது என்று அவர் வாயால் கேட்டபின் பெரிய தொகையை அனுப்புங்கள்.

இடையில் வேலை பிடிக்கவில்லை என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் சட்டச் சேவைப் புகார்களை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம்.

சாவி கைக்கு வந்த பிறகு

இங்கிலாந்தில் முத்திரை வரிப் படிவத்தைக் கம்ப்ளீஷனிலிருந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சொலிசிட்டர் கொடுத்ததற்கான நகலைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் நிலப் பதிவகத்தில் உங்கள் பெயர் ஏறும். மாதக்கணக்கில் ஆகலாம்.

ஏறியதும் பதிவின் நகலைப் பார்த்து உங்கள் பெயரை எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் முன்னால் வரும், பின்னால் வரும். கடவுச்சீட்டில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம். எங்கள் கடன் சலுகைக் கடிதத்திலேயே மனைவியின் பெயரும் அவள் அப்பாவின் பெயரும் இடம் மாறியிருந்தன. எக்ஸ்சேஞ்சுக்கு நான்கு நாள் முன்பு அதைக் கண்டது இரண்டாவது சொலிசிட்டரின் உதவியாளர், ஒரு இளம்பெண். வங்கியிடம் திருத்திய கடிதம் வாங்கித்தான் மேலே போனார். நிலப் பதிவகத்தின் இலவச எச்சரிக்கைச் சேவையிலும் அன்று மாலையே பதிந்துகொண்டோம். எங்கள் வீட்டின் பதிவில் கைவைக்க யாராவது விண்ணப்பித்தால் மின்னஞ்சல் வரும்.